சட்டிக்கு விழுந்த மாலை

ஒரு காட்டின் மேற்குச் சரிவில், கைப்பிடி மண்கூட இல்லாத மொட்டைப் பாறையின்மேல், வெறும் சட்டிகளிலேயே ஒரு தோட்டம் இருந்தது.

பாறைமேல் யாராவது தோட்டம் போடுவார்களா என்று கேட்பீர்கள், பிள்ளைகளே. வேறு இடம் இல்லாதவர்கள் போடுவார்கள். ஒரு கோடையில் கீழ்க்காடு தீப்பிடித்து எரிந்தது. அங்கே வாழ்ந்த சின்ன விலங்குகள் சித்தரத்தைக் கிழங்குகளை வாயில் கவ்விக்கொண்டு மேலே ஓடி வந்தன. சித்தரத்தையை ஒருமுறை ஊன்றிவிட்டால் ஆண்டுக்கணக்கில் தழைக்கும். குளிர் மாதத்தில் குட்டிகளுக்கு நெஞ்சில் சளி கட்டினால், அதன் கிழங்கில் ஒரு கடி போதும். அது இல்லாவிட்டால் சில குட்டிகள் அடுத்த வெயிலைப் பார்ப்பதில்லை.

காட்டின் ஓரத்தில் மனிதர்கள் கைவிட்டுப்போன சூளை ஒன்று இருந்தது. விரிசல் விட்ட சட்டிகள் அங்கே குவிந்து கிடந்தன. விலங்குகள் அவற்றை உருட்டி வந்து, ஓடை மண்ணை நிரப்பி, ஆளுக்கொன்றாகக் கிழங்குகளை ஊன்றின. ஓடைக்குப் போய் வாயில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றின. செடிகள் பிழைத்தன. ஆனால் வளரவில்லை. மேலே வெயில் இலையைத் தீய்த்தது, உள்ளே சட்டி வேரை நெருக்கியது. கிழங்குகள் ஆண்டுக்கு ஆண்டு சிறுத்து வந்தன.

பாறைக்குக் கீழே, ஓடைக்கரையில், ஒரு பெரிய நாவல் மரம் இருந்தது. அதன் அடியில் இலை மக்கிய கறுப்பு மண். நாள் முழுவதும் நிழல். சித்தரத்தைக்கு அதைவிட நல்ல இடம் அந்தக் காட்டில் இல்லை. ஆனால் அந்த நிழல் முழுவதும் தன்னுடையது என்றது ஒரு கரடி. அடர்ந்த முடியும் பெரிய மனிதத் தோரணையும் கொண்ட அதை எல்லோரும் கம்பளியார் என்று அழைத்தார்கள். பழம் உதிரும் ஒரு மாதம் மட்டும் கரடி அங்கே வரும். மற்ற நாட்களில் அதுவும் வராது, மற்றவரையும் வர விடாது. கேட்டால், அது தன் பாட்டன் காலத்து நிழல் என்று சொல்லும்.

அந்த நிழலுக்காகப் போராடியது ஒரு முள்ளம்பன்றி. அதன் பெயர் ஈட்டியப்பன்.

கரடி தினமும் கரையான் புற்றுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் முதலில் போய்ப் படுத்தது முள்ளம்பன்றிதான். அதன் பின்னால் முயல்கள் படுத்தன, பிறகு எலிகள், கீரிகள். மழை பெய்தாலும் எழவில்லை. கரடி ஒருநாள் பொறுமை இழந்து அறைந்தது. முள்ளம்பன்றியின் இடது விலாவில் முட்கள் கொத்தாகப் பிய்ந்து போயின. அந்த இடத்தில் மறுபடி முளைக்கவே இல்லை. கரடியின் உள்ளங்கையிலும் நெடுநாள் புண் ஆறவில்லை. அப்படியும் பாதையில் படுத்தவர்கள் எழவில்லை.

கடைசியில் வழக்கு யானையிடம் போனது. அந்த யானை அதிகம் பேசாது. இரு பக்கமும் கேட்டுவிட்டு ஒரே தீர்ப்புச் சொன்னது. இந்த மழைக்காலத்தில் செடிகளை நிழலில் வைக்கட்டும். மழை ஓய்ந்ததும் தானே வந்து ஒவ்வொரு செடியையும் இழுத்துப் பார்க்கும். செடிகள் மண்ணைப் பிடித்திருந்தால் நிழல் அவர்களுக்கு. கையோடு வந்துவிட்டால் நிழல் கரடிக்கு. அதன்பின் இந்த வழக்கைத் தன்னிடம் யாரும் கொண்டுவரக் கூடாது.

பாறையில் அன்று பெரிய கொண்டாட்டம். அதில் எல்லோரையும்விட உரக்கக் கத்தியது தாவுசாமி என்ற குரங்கு. பாதையில் படுத்த நாட்களில் அதை யாரும் அங்கே பார்த்ததில்லை. தூறல் விழுந்தாலே மரப்பொந்துக்குள் போய்விடும். வெற்றி என்று தெரிந்ததும் முதல் ஆளாக வந்து, "ஈட்டியப்பன் அண்ணன் வாழ்க" என்று தொண்டை கிழியக் கத்தியது. முள்ளம்பன்றிக்கு அதன் யோக்கியதை தெரியும். இருந்தாலும் காதுக்கு இனிமையாக இருந்ததால், வாயை மூடு என்று சொல்லவில்லை.

முதல் மழை விழுந்து மண் நெகிழ்ந்தது. மேகம் மூடிய ஒரு நாளில் விலங்குகள் சட்டிகளை நாவல் மரத்தடிக்கு உருட்டி வந்தன. மரத்தின் பெரிய வேர்களை விலக்கி, இடைவெளி பார்த்துக் குழிகள் தோண்டின. சட்டியை உடைத்து, சுருண்ட வேரைக் கையால் பிரித்து, மண்ணோடு ஊன்றுவது என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள். துள்ளம்மா என்ற முயல் அதற்காக ஓடையிலிருந்து ஒரு கூரான கல்லைக்கூடப் பொறுக்கி வந்திருந்தது. சென்ற குளிரில் அதன் குட்டி ஒன்று இருமி இருமியே போய்விட்டது. அதனால் துள்ளம்மா கொண்டாட்டத்துக்கும் வரவில்லை, கோஷமும் போடவில்லை. செடி எப்போது மண்ணுக்குள் போகும் என்பதை மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்த நேரத்தில் கரடி வந்தது. எல்லோரும் பின்வாங்கினார்கள். கரடியின் கையில் காட்டு முல்லையில் கட்டிய மாலை ஒன்று இருந்தது.

அது நேராக முள்ளம்பன்றியிடம் வந்து தலை தாழ்த்தியது. தோற்றவனுக்கு வெட்கம் இல்லை, நல்ல எதிரியிடம் தோற்றால் பெருமைதான் என்றது. மாலையை முள்ளம்பன்றியின் கழுத்தில் போட முடியாது, முள்ளில் கிழிந்துவிடும். அதனால் குனிந்து, ஈட்டியப்பனின் சட்டிக்கு அதைப் போட்டது.

"ஒரே ஒரு வேண்டுகோள், ஈட்டியப்பா," என்றது கரடி. "இந்தச் சட்டிகளை மட்டும் உடைத்துவிடாதீர்கள். தீயில் தப்பி வந்தபோது உங்களைக் காத்தவை இவை. நாளை உங்கள் பேரப்பிள்ளைகள், எங்கள் தாத்தா எதற்காக அடி வாங்கினார் என்று கேட்டால், எதைக் காட்டுவீர்கள்?"

போராடுகிறவர்கள் பசியைத் தாங்குவார்கள், அடியையும் தாங்குவார்கள். பாராட்டைத் தாங்குவதற்கு மட்டும் அவர்களுக்குப் பழக்கம் இருக்காது. தன் முட்கள் போன இடத்தை இந்தக் கரடி ஒருநாளாவது பார்க்க வேண்டும் என்று முள்ளம்பன்றி உள்ளுக்குள் எத்தனையோ காலம் ஏங்கியிருந்தது. இப்போது கரடி அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

"சட்டியோடு புதைப்போம்," என்றது முள்ளம்பன்றி.

துள்ளம்மா கையில் கல்லோடு அப்படியே நின்றது. "அண்ணே, சட்டிக்குள் இருந்தால் வேர் எந்த வழியாக மண்ணுக்குப் போகும்?"

"இத்தனை நாள் எந்த வழியாக உயிரோடு இருந்ததோ, அந்த வழியாகப் போகும்," என்றது முள்ளம்பன்றி. "இது வெறும் சட்டி இல்லை, துள்ளம்மா. நம் வரலாறு."

"வரலாறு வாழ்க," என்று கத்தியது குரங்கு.

சட்டிகளை வாய் மட்டும் தெரியும்படி புதைத்து, சுற்றிலும் மண் அணைத்து, மேலே சருகு பரப்பினார்கள். பார்ப்பதற்கு எல்லாச் செடியும் மண்ணிலேயே நட்டதுபோல அழகாக இருந்தது. கரடி எல்லாவற்றையும் நின்று பார்த்துவிட்டு, இனிமையாக விடைபெற்றுப் போனது.

மழை வலுத்தது. பாறைமேல் இருந்தவரை மிச்சத் தண்ணீர் சட்டியின் விரிசல் வழியே ஒழுகிவிடும். மண்ணுக்குள் போனதும் சேறு அந்த விரிசல்களை அடைத்துக்கொண்டது. உள்ளே விழுந்த மழை உள்ளேயே நின்றது. கொஞ்ச நாளில் இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகத் தொடங்கின.

எலிகள் வந்து கவலைப்பட்டன. இடம் மாறினால் சில நாள் வாட்டம் இருக்கத்தான் செய்யும் என்றது முள்ளம்பன்றி. கீரி வந்து சந்தேகப்பட்டது. பாதையில் படுத்த முதல் வாரத்தில் நாமும் இப்படித்தான் வாடிக் கிடந்தோம், கடைசியில் வெல்லவில்லையா என்று முள்ளம்பன்றி ஒரு நீண்ட பேச்சே பேசியது. நல்ல பேச்சுதான். கேட்டவர்கள் தைரியமாக வீடு திரும்பினார்கள். இலைகள் மட்டும் அந்தப் பேச்சைக் கேட்கவில்லை. அவை மேலும் மஞ்சளாயின.

முள்ளம்பன்றிக்கும் உள்ளுக்குள் உறுத்தல் இருந்தது. தினமும் விடியும்போதே எழுந்து வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போகும். அப்படி ஒரு காலையில், வரிசையின் கடைசியில், ஒரு செடியின் முன் நின்றுவிட்டது. இலைகள் கரும்பச்சை. அடித்தண்டைச் சுற்றிலும் புதுக் குருத்துகள் மண்ணைப் பிளந்துகொண்டு வந்திருந்தன. அது துள்ளம்மாவின் செடி.

அதைப் பார்த்ததும் முள்ளம்பன்றிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்றைக்கே எல்லோரையும் அங்கே கூட்டியது. சந்தேகப்பட்டவர்கள் வந்து கண்ணால் பார்க்கட்டும் என்றது. சட்டியை மதித்தவர்களின் செடி எப்படித் தழைக்கிறது என்று கேட்டது. பிறகு முயலை முன்னால் வரச் சொன்னது.

"துள்ளம்மா, உன் சட்டியை எப்படிப் பேணினாய்? எல்லோருக்கும் கேட்கும்படி சொல்."

முயல் காதைச் சொறிந்துகொண்டது. "உடைத்தேன், அண்ணே," என்றது.

கூட்டம் முழுவதும் முயலின் பக்கம் திரும்பியது.

"மாலை போட்ட அன்றைக்கே உடைத்தேன். நீங்கள் எல்லோரும் கரடிக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நான் இந்த மூலையில் கல்லால் ஒரு தட்டுத் தட்டினேன். உள்ளே வேர் எலிவால்கள் பின்னிக்கொண்டதுபோல இருந்தது. பிரித்து விட்டேன். அகலமாகக் குழி பறித்து, சட்டியில் இருந்த அதே ஆழத்தில் வைத்து, மண் அணைத்து, தண்ணீர் ஊற்றினேன். அவ்வளவுதான்."

முதலில் வாய் திறந்தது குரங்குதான். துரோகம் என்றது. இப்படிப்பட்டவர்களை நிழலை விட்டே விலக்கி வைக்க வேண்டும் என்றது. கூட்டத்தில் சிலர் தலையாட்டினார்கள்.

"நீ சும்மா இரு, தாவுசாமி," என்றது முயல். "உனக்குச் சட்டியும் இல்லை, செடியும் இல்லை. இருப்பது வாய் ஒன்றுதான். அது எந்த மண்ணிலும் முளைக்கும்."

கீரிகள் சிரித்துவிட்டன. முள்ளம்பன்றி சிரிக்கவில்லை. அதன் முட்கள் எழுந்து நின்றன. தன் முகத்துக்கு நேராக, தான் கூட்டிய கூட்டத்தில், தன் சொல் மீறப்பட்டதை அதனால் பொறுக்க முடியவில்லை. நான் அடி வாங்கியது உனக்கு விளையாட்டாகப் போயிற்றா என்று கேட்டது.

"நீங்கள் அடி வாங்கியபோது உங்களுக்கு அடுத்துப் படுத்திருந்தது நான்தான், அண்ணே," என்றது முயல். "அதை நான் மறக்கவில்லை. ஆனால் யானை வந்து உங்கள் விலாவை இழுத்துப் பார்க்கப் போவதில்லை. செடியைத்தான் இழுக்கும். இப்போதே என் செடியை இழுத்துப் பாருங்கள்."

முள்ளம்பன்றி கோபத்தோடு போய் அடித்தண்டைப் பல்லால் கவ்வி இழுத்தது. கால்களை ஊன்றி மறுபடி இழுத்தது. செடி அசைந்துகொடுத்தது, வரவில்லை.

"சரி. இனி உங்களுடையதை," என்றது முயல்.

முள்ளம்பன்றி கூட்டம் முடிந்தது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டது.

மறுநாள் பொழுது புலர்ந்ததும் அது தன் செடியிடம் தனியாக வந்தது. மாலை வாடி, நார் மட்டும் சட்டியின் கழுத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. முள்ளம்பன்றி தண்டைக் கவ்வி மெல்லத்தான் இழுத்தது. சட்டியோடு எல்லாம் மேலே வந்துவிட்டது. பிடித்து நிறுத்த அங்கே ஒரு வேர்கூட இல்லை.

சட்டியைச் சாய்த்துத் தட்டியது. செடி மொத்தமாக வழுக்கி வெளியே விழுந்தது. வேர்கள் வழி தேடிச் சட்டியின் உட்சுவரையே சுற்றிச் சுற்றி வந்து, சுருட்டி வைத்த கயிறுபோல ஆகியிருந்தன. அடியில் இருந்தவை கறுத்து, அழுகி, நாறின. குழியின் பக்கத்தில் நல்ல ஈர மண் இருந்தது. வேருக்கும் அதற்கும் நடுவே தடையாக இருந்தது சட்டியின் சுவர் மட்டும்தான்.

முள்ளம்பன்றி அங்கேயே உட்கார்ந்துவிட்டது. கரடி தலை தாழ்த்தியது, மாலை போட்டது, தழும்பைப் பார்த்தது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. பாதையில் படுத்திருந்த நாட்களில் கரடி உறுமியிருக்கிறது, மிரட்டியிருக்கிறது, தேன் தருவதாக ஆசையும் காட்டியிருக்கிறது. எதற்கும் அசையாத தன்னை ஒரு முழ முல்லை அசைத்துவிட்டது.

செடியை அப்படியே குழிக்குள் வைத்து மூடிவிடலாம். யாரும் பார்க்கவில்லை. இல்லை, தன் சட்டியை மட்டும் உடைத்து, ஓடுகளை ஓடையில் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம். இரண்டும் அதன் மனதில் வந்து போயின. மற்றச் செடிகளை அது திரும்பிப் பார்த்தது. வரிசை முழுவதும் மஞ்சள். மழைக்காலத்தில் மிச்சம் இருந்ததோ கொஞ்ச நாள்.

அது எழுந்து போய், ஒவ்வொரு வளையாக நின்று, எல்லோரையும் அழைத்து வந்தது. முயலிடம் அந்தக் கூரான கல்லைக் கேட்டு வாங்கியது. எல்லோரும் பார்க்க, காலியாகக் கிடந்த தன் சட்டியை ஓங்கி அடித்தது. சட்டி உடைந்தது.

"கரடி மாலையை நீட்டியது. நான் கழுத்தை நீட்டினேன்," என்றது முள்ளம்பன்றி. "தவறு என்னுடையது. உங்கள் சட்டிகளை உடையுங்கள். பேச நேரம் இல்லை."

அன்று அந்த மரத்தடியில் கோஷம் எதுவும் கேட்கவில்லை. சட்டிகள் உடைந்தன. எலிகள் சிறு பற்களால் அழுகிய வேர்களைக் கத்தரித்தன. கீரிகள் குழிகளை அகலமாக்கின. முயல்கள் சுருண்ட வேர்களைக் காலால் கோதி நாலாபுறமும் பரப்பின. முள்ளம்பன்றியின் செடியையும் அதன் குழியிலேயே வைத்து, எல்லாவற்றுக்கும் மண்ணைப் போட்டு அழுத்தி, சருகு மூடினார்கள். உடைந்த ஓடுகளை என்ன செய்வது என்று யாரோ கேட்டார்கள். சரிவில் ஒரு வாய்க்கால் கீறி, ஓடுகளை நொறுக்கி அதன் அடியில் போடச் சொன்னது முள்ளம்பன்றி. மிச்சத் தண்ணீர் அதன் வழியே ஓடைக்கு வடியட்டும் என்றது.

அடுத்த மழைகளில் இலைகளின் மஞ்சள் நின்றது. பிறகு, பெரும்பாலானவை, ஒவ்வொன்றாக, குருத்து விட்டன.

மழை ஓய்ந்ததும் யானை வந்தது. கரடியும் வந்தது. வரிசையின் முதலில் இருந்தது முள்ளம்பன்றியின் செடி. யானை தும்பிக்கையால் சுற்றி, மெல்ல இழுத்தது.

செடி கையோடு வந்துவிட்டது. அது மற்றவற்றைவிட அதிகமாக அழுகியிருந்தது. முளைக்க அதனிடம் ஒன்றும் மிச்சம் இல்லை.

கரடி சிரித்தது. தலைவரின் செடியே பிடிக்கவில்லை, பிறகு மற்றதை ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்டது.

யானை அந்தச் செடியை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை இழுத்தது. அது வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. ஒன்றில் இலை கிழிந்து தும்பிக்கையோடு வந்தது, செடி நின்றது. வரிசை முடியும்வரை யானை நிதானமாக இழுத்துப் பார்த்தது. கடைசியில் துள்ளம்மாவின் செடியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்து, திருப்தியாகக் காதை ஆட்டியது.

"நான் தலைவருக்குத் தீர்ப்புச் சொல்லவில்லை," என்றது யானை கரடியிடம். "செடிகளுக்குச் சொன்னேன். நிழல் இவர்களுடையது."

அது போய்விட்டது. கரடி போகவில்லை. சற்று நேரம் மரத்தடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. பிறகு முகத்தில் பழைய இனிமையை வரவழைத்துக்கொண்டு முள்ளம்பன்றியிடம் வந்தது.

"அந்தச் சட்டிகள் எங்கே, ஈட்டியப்பா? ஓடுகளாவது இருக்குமே. அவற்றை அடுக்கி உன் பெயரில் ஒரு மேடை கட்டலாம். நானே நல்ல இடம் பார்த்துத் தருகிறேன்."

"வாய்க்காலில் கிடக்கின்றன, கம்பளியாரே," என்றது முள்ளம்பன்றி. "நீங்கள் போகிற வழிதான். மிதித்துக்கொண்டு போங்கள்."

கரடி போன பிறகு முயல் தன் செடியின் பக்கத்தைக் கிளறி, குருத்தோடு ஒரு துண்டுக் கிழங்கைப் பிரித்தது. கொண்டுவந்து முள்ளம்பன்றியின் காலியான குழியில் வைத்தது.

"மண்ணில் ஈரம் இன்னும் இருக்கிறது, பிடித்துக்கொள்ளும்," என்றது துள்ளம்மா. "தினமும் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள், அண்ணே. பேச்சை ஊற்றாதீர்கள்."

முள்ளம்பன்றி ஓடைக்குப் போய், வாய் நிறையத் தண்ணீரோடு திரும்பி வந்தது.

நீதி: எதிரி வந்து உன் பழைய போராட்டத்தைப் புகழ்ந்தால், மாலையைப் பார்த்து நிற்காதே; உன் வேரைத் தோண்டிப் பார்.